அம்மன் உத்தரவு கொடுத்த கார்

4-2-1973, ஞாயிறு

தேவராஜ் இன்று சிரித்தான். அதை எழுதத்தான் நோட்டை எடுத்தேன்.

என் தம்பி மகன். அப்பன் ஆத்தா இல்லாதவனை நான்தான் வளர்த்தேன். அவன் பெண்டாட்டி வரலட்சுமி, வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு போய்ச் சேர்ந்து பதினாலு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகிறான், லேத் ஓட்டுகிறான், வருகிறான், சுவரைப் பார்த்துப் படுக்கிறான். நான் ஓயாமல் பேசுகிறவள். இந்த வீட்டில் என் குரலையே கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.

இன்று தரகன் கங்காதரன் அவனை ஆவடியில் ஒரு பங்களாவுக்குக் கூட்டிப்போய் ஒரு காரைக் காட்டினானாம். வெள்ளைக்காரன் காலத்து வண்டி. கூரை கிடையாது, இரண்டே சீட்டு. சோழவரம் ரேஸில் ஓடுகிற ஜாதி. ஸ்கூட்டர் விலைக்குத் தருகிறார்களாம்.

"உக்காந்தா ரோடு முதுகுல இடிக்குது அத்தே" என்றான்.

"மழ வந்தா இன்னாடா பண்ணுவே?"

"நனைவேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். எல்லையம்மா, உனக்கு ஒரு தேங்காய்.

7-2-1973, புதன்

மூன்று நாளாகக் கார் பேச்சுத்தான். சிவப்புப் பெயிண்டு பளபளவென்று இருக்கிறதாம். எனக்கு விளங்கவில்லை, ஆனாலும் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

சாப்பிட்ட கையோடு முகம் வாடிவிட்டது. "நான் தொட்டது எது வெளங்குச்சு? நீ எல்லையம்மா கிட்ட பூ கேட்டுப் பாரு. அவ வேணாம்னா உட்டுடறேன்" என்றான்.

வேணாம் என்று வந்துவிட்டால்? மறுபடியும் அந்தச் சுவர்தானே?

9-2-1973, தை கடைசி வெள்ளி

எழுதலாமா கூடாதா என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

பூ கேட்கிறது எப்படியென்றால், வெள்ளை அரளி ஒரு வெற்றிலையில், சிவப்பு அரளி ஒரு வெற்றிலையில் மடித்து அம்மன் காலடியில் போட வேண்டும். பூசாரி துலுக்கானம் கும்பிட்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம்.

நான் வீட்டிலேயே மடித்துக்கொண்டு போனேன். இரண்டிலும் வெள்ளை.

பூசாரி பிரித்தபோது தேவராஜ் கண்ணை மூடிக் கை கூப்பி நின்றான். வெள்ளையைப் பார்த்ததும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மற்ற பொட்டலத்தை மடியில் ஒளித்து வந்து, வழியில் அயனம்பாக்கம் ஏரியில் வீசினேன்.

தாயே, உன் பேரைச் சொல்லி நானே பேசிட்டேன். இன்னாத்துக்குன்னு உனக்குத் தெரியாதா?

11-2-1973, ஞாயிறு

பூந்தமல்லியில் டிங்கர் பட்டறை வைத்திருக்கும் உஸ்மான் கனி பாயைக் கூட்டிக்கொண்டு வண்டி பார்க்கப் போனோம். சூடம் எலுமிச்சம்பழத்தோடு நானும் போனேன். எதற்குப் போனேன்!

பாய் பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். வண்டியின் மேலே வைத்து இழுத்துக்கொண்டே போனார். முன்பக்கம் ஒட்டியது. கதவிலும் ஒட்டியது. கதவுக்குக் கீழே வந்ததும் அவர் கையோடு வந்துவிட்டது.

"காந்தம் தகரத்த புடிக்கும், ஓட்டைய அடைக்கிற பட்டிய புடிக்காது. இங்க தகரமே இல்ல தம்பி, எல்லாம் பூசி வச்சிகீறாங்க."

பிறகு மல்லாந்து படுத்து அடியில் போனார். அங்கே தார் அடித்திருந்தது. ஸ்குரூ டிரைவரால் குத்தினார். இட்லியில் விரல் போவதுபோல் உள்ளே போனது. துரு கொட்டி அவர் தாடியெல்லாம் செம்மண்.

"இது காரா? பெயிண்டு அடிச்ச அப்பளம். வேகமா போயி ஒரு வளைவுல ஒடிச்சா நீ ஒரு பக்கம், சீட்டு ஒரு பக்கம்."

"வெல்டு வெச்சா?"

"எதுல வெக்கறது? நல்ல இரும்பு இருந்தாத்தானே ஒட்டும்?"

தேவராஜ் அசையவில்லை. "அம்மாவே உத்தரவு குடுத்துட்டா பாய். அதுக்கு மேல துரு இன்னா பண்ணிடும்?"

பாய் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் காந்தத்தைத் துணியில் சுற்றினார். "ஒங்க சாமி சொன்னதுக்கு நான் குறுக்க பேசக் கூடாது. பாத்துக்கோ தம்பி" என்று எழுந்துவிட்டார்.

அந்த மனுஷன் மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டார். நான்?

12-2-1973, திங்கள்

வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுக்கப் போகிறானாம்.

13-2-1973, செவ்வாய்

சொன்னால் பழையபடி சுவரைப் பார்த்துப் படுப்பான். சொல்லாவிட்டால் வளைவு. சாமி அறையில் உட்கார்ந்தேன், வாயில் ஒரு ஸ்தோத்திரமும் வரவில்லை. எந்த முகத்தோடு அவளைக் கூப்பிடுவேன்?

15-2-1973, வியாழன்

சொல்லிட்டேன்.

பல் தேய்த்துக்கொண்டிருந்தான். பின்னாலேயே போய், "ரெண்டுலயும் வெள்ளப் பூ தான்டா வச்சேன்" என்றேன்.

வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பினான். "சாமி கிட்டயேவா அத்தே?"

"நீ சிரிச்சியேடா..."

"அப்ப அம்மா ஒண்ணும் சொல்லல. நீ தான் சொன்னே."

டிபன் பாக்ஸை எடுக்காமலே வேலைக்குப் போய்விட்டான்.

18-2-1973, ஞாயிறு

பேசவில்லை. கார் வேண்டாம் என்று கங்காதரனிடம் சொல்லிவிட்டானாம், அதுவும் கங்காதரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

23-2-1973, வெள்ளி

துலுக்கானத்திடம் போய் உடைத்துச் சொன்னேன். "பொட்டலத்த எடுத்தது என் கை. என்னயும் சேத்துல்ல ஏமாத்திகீறே!" என்று கத்தினார். நான் அழுததும் இறங்கி வந்தார்.

"தேவராஜ் கிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"இன்னா சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல."

"அம்மாவும் ஒண்ணும் சொல்ல மாட்டா. ஊட்டுக்குப் போ."

இது ஆறுதலா, சாபமா?

2-3-1973, வெள்ளி

கங்காதரன் வாசலில் நின்று வேண்டுமென்றே உரக்கச் சொன்னான். "அத்தே பேச்ச கேட்டு கோட்ட உட்டியே மாமே! பாடி ஊருல ஒருத்தன் லபக்குனு புடிச்சிட்டான். புதுசா கல்யாணம் ஆனவன், பொண்டாட்டியோட ஜோடியா போறதுக்காம்!"

தேவராஜ் காபி டம்ளரைக் கீழே வைத்தான். அப்படியே ஆறிவிட்டது.

4-3-1973, ஞாயிறு

விடிந்ததும் எங்கேயோ கிளம்பிப் போனான். எங்கே என்று கேட்கப் பயம்.

சாயங்காலம் வந்து நேராகச் சமையல்கட்டில் என் எதிரே உட்கார்ந்தான். பதினேழு நாளுக்கு அப்புறம், "அத்தே" என்றான்.

உஸ்மான் பாயைக் கூட்டிக்கொண்டு பாடிக்குப் போயிருக்கிறான்.

"அவன் நம்பல அத்தே. 'வெலைய அடிச்சு நீ வாங்கத்தானே கத உடறே'ன்றான். காலர புடிக்க வந்துட்டான். சத்தம் கேட்டு அவன் சம்சாரம் வெளிய வந்துச்சு. முழுகாம கீது, ஏழு மாசம் இருக்கும். பாய் காந்தத்த அது கையில குடுத்து, 'நீயே வச்சுப் பாரும்மா'ன்னாரு. குனிய முடியாம குனிஞ்சு கதவுக்குக் கீழ வச்சுது. பொத்துனு உழுந்துச்சு. அது நிமிந்து அவன ஒரு பார்வ பாத்துச்சு பாரு! அப்பவே துட்ட திருப்பி வாங்க கெளம்பிட்டான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "லட்சுமியும் இப்பிடித்தான் மொறைப்பா" என்றான். அந்தச் சிரிப்பு பாதியில் உடைந்தது. அவள் போன அன்றுகூட அழாதவன், முழங்காலில் முகத்தை வைத்து அழுதான்.

தேற்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அப்புறம் அவனே பேசினான். லட்சுமிக்கு மாங்காய் வாங்க ஓடியது, அவள் பிள்ளைக்குப் பார்த்து வைத்திருந்த பேர், எல்லாம். பாதி எனக்கே தெரியாதது. நான் 'உம்' கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்றைக்கு அம்மனுக்கு விளக்கு வைக்க மறந்துபோனேன்.