சத்தம் நின்ற மத்தியானம்

அக்கா,

சற்று முன் கரண்ட் போய்விட்டது. தெருவிலிருந்த விசைத்தறிகள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றன. மகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்குச் சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. மகளின் அப்பாவை நேற்று பஸ் ஸ்டாண்டில் பார்த்ததாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னதிலிருந்தே எனக்கு உயிர் உயிராக இல்லை. எங்களை நெருங்கக் கூடாதென்று கோர்ட் சொல்லியிருக்கிறது. கோர்ட் சொன்னால் அவர் கேட்டுவிடுவாரா?

இப்படியொரு அமைதியில்தான் உங்களை முதலில் பார்த்தேன். அடிபட்டு வீட்டைவிட்டு வந்த பெண்களையும் பிள்ளைகளையும் சர்ச் கூடத்தில் உட்காரவைத்துப் படம் வரையவும் மண் பிசையவும் விடுவீர்கள். மண்ணைப் பிசைந்தால் மனசு ஆறிவிடுமாக்கும் என்று எனக்கு இளக்காரம்தான். நீங்கள் ஃபேனையும் நிறுத்திவிட்டு, “எல்லாரும் கண்ண மூடிச் சத்தமில்லாம இருப்போம்” என்றீர்கள்.

என் மகள் மேசைக்கடியில் போய் ஒளிந்தாள். வேறு சில பிள்ளைகளும் பின்னாலேயே ஓடின. நீங்கள் பதறிப்போய்க் குனிந்து, “என்ன மக்கா?” என்றீர்கள்.

“சத்தம் நின்னுட்டு. இனி அப்பா எந்திச்சி வருவாவ.”

தறி ஓடும்வரை அவர் அதைவிட்டு நகரமாட்டார். நின்றால் எங்களுக்கு அடி. வெளியூரிலிருந்து வந்த உங்களுக்கு அது எப்படித் தெரியும்? நான் சொன்னதும், “தப்பு எம்மேலதான்” என்று நீங்களும் மேசைக்கடியில் நுழைந்து, தறி ஓடுகிற கணக்கில் தரையைத் தட்டினீர்கள். “இனி நீ ஓட்டு மக்கா. ஒனக்கு எப்பத் தோணுதோ அப்ப நிறுத்து.” அன்று அவள் நிறுத்தவேயில்லை. எத்தனையோ வாரம் கழித்து ஒருநாள் தானாகவே நிறுத்திவிட்டு, கதவைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. அவள் சிரித்ததைப் பார்த்து நீங்கள் அழுதீர்கள்.

போன வருஷம் மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோனது. இனி யாரிடம் ஓடுவது என்ற பயம் எனக்கு அன்றைக்கே வந்துவிட்டது.

இன்று கரண்ட் போன கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. “ஏட்டி, கதவத் தொற.” அவர் குரல்தான். மகள் ஒளியவில்லை. தட்டின் விளிம்பில் விரலால் தட்டத் தொடங்கினாள். நானும் சேர்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் கையை எடுத்துவிட்டு, “தொறக்க மாட்டோம்” என்று சத்தமாகச் சொன்னாள். பிறகு அவளே போலீசுக்குப் போன் போட்டாள்.

வெளியே இப்போது சத்தமில்லை. போய்விட்டாரா, நிற்கிறாரா, தெரியவில்லை. கரண்டும் வரவில்லை. வலது கையால் இதை எழுதுகிறேன். இடது கை மேசையைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. எனக்கு இன்னும் நிறுத்த வரவில்லை, அக்கா.