மிஸஸ் ஹாலோவே கேட்ட கேள்வி

4 மே 1998, வெஸ்ட் வின்ட்சர்
மகள் ஓவியாவின் ஏழாம் வகுப்பு டீச்சர் மிஸஸ் ஹாலோவே வரச் சொன்னார். மார்க் விவகாரமென்றால் என் ரத்தம்தானே என்று பெருந்தன்மையோடு போனேன். லீவில் இந்தியாவில் அவளுக்கு என்ன சடங்கு என்று கேட்டார். வயதுக்கு வந்த சீர், பட்டுப்பாவாடை, மாமன் தட்டு, ஊருக்கே சாப்பாடு என்றேன், என் ஓட்டை இங்கிலீஷில். "அவள் உடம்பில் எதையாவது வெட்டுவார்களா?" என்றார். வாழையிலையைத் தவிர எதையும் வெட்டமாட்டோம் என்று கத்திவிட்டு வந்தேன்.

5 மே
என் பெண்டாட்டி வசந்தாமணி நர்ஸ். நான் சொன்னதைக் கேட்டு அவள் சிரிக்கவில்லை. சில ஊர்களில் சிறுமிகளின் பிறப்புறுப்பையே வெட்டுகிறார்களாம். அப்படி ஒருத்தி பிரசவத்துக்கு வந்து பட்ட பாட்டை இவளே பார்த்திருக்கிறாள். "சொந்த ஊருக்குப் போறேன், அங்க பொம்பளையாகற விசேஷம்னு புள்ள சொன்னா, டீச்சர் கேக்கத்தானுங்க வேணும். போய் சாரி சொல்லுங்க."

8 மே
காரில் ஓவியா சொன்னாள், இங்கிலீஷில்தான். கூடப் படிக்கும் ஃபாத்துவும் லீவுக்கு ஆப்பிரிக்காவில் சொந்த நாடான காம்பியா போகிறாளாம். அங்கே அவளுக்கும் விசேஷமாம், பாட்டியின் ஏற்பாடு. போன வருஷம் போய்வந்த அக்கா அதன்பிறகு ஓடுவதே இல்லையாம். ஃபாத்து சொல்லிச் சொல்லி அழுதாளாம்.
ஃபாத்துவின் அப்பா லாமின், கிடங்கில் என்னோடு பெட்டி தூக்குகிறவன். தங்கமான மனுஷன். அவனா? அவனிடமே கேட்டுவிட்டால்?

9 மே
"கேட்டீங்கன்னா நாளைக்கே கூட்டிட்டுப் போயிருவாங்க. டீச்சர்கிட்டச் சொல்லுங்க" என்கிறாள் வசந்தாமணி.

11 மே
சொன்னேன். சிநேகிதனைப் போட்டுக்கொடுத்தேன்.
மிஸஸ் ஹாலோவே வீட்டுக்கு போன் செய்யமாட்டாராம். ஃபாத்துவைத் தனியே உட்காரவைத்து, குறுக்கே பேசாமல் கேட்பாராம். யாருக்கும் சொல்லமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்கமாட்டாராம் — அன்றே குழந்தைகள் பாதுகாப்பு ஆபீசுக்குச் சொல்லியாக வேண்டுமாம்.
"தப்பா இருந்தா?"
"உங்கள் விஷயத்தில் தப்பாகத்தான் இருந்தது. பிழைத்துக்கொண்டீர்களே" என்றார்.

20 மே
லாமின் வீட்டுக்கு அந்த ஆபீசிலிருந்து வந்தார்களாம். கிடங்கே பேசுகிறது. மதியம் அவன் தனியே போய் உட்கார்ந்து சாப்பிட்டான். அய்யோ, என்னடா பண்ணித் தொலைச்சே? பிள்ளையைக் காப்பாத்துனியா, குடும்பத்தைக் கெடுத்தியா?

21 மே
கொண்டுபோன தயிர்சாதத்தை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

19 ஜூன்
மதியம் லாமின் எதிரே வந்து உட்கார்ந்தான். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டானாம். "ஃபாத்துவை அனுப்பினால் அரசாங்கம் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளும் என்று என் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அதற்கு மேல் அம்மா வற்புறுத்தவில்லை" என்றான். பிறகு, "பெரியவளை அனுப்பியபோது சொல்ல எனக்கு இப்படி எதுவும் கிடைக்கவில்லை" என்றான்.
என் தயிர்சாதத்தில் பாதியை அவன் பக்கம் தள்ளினேன். யார் சொன்னது என்று அவன் கேட்கவில்லை. சாப்பிட்டான்.