மூன்று மணிக்கு வந்ததாக நான் சொன்ன வலி

டீச்சர்,

நேற்று உங்கள் ஐந்தாம் வருட நினைவுத் திருப்பலி முடிந்து நாகல் நகர் வீட்டில் பிரியாணி போட்டார்கள். இரண்டாவது வாயிலேயே ஒரு கிராம்பு கடிபட்டது. காரம் நாக்கில் ஏறியதும் என் கை அப்படியே நின்றுவிட்டது. உங்கள் வீட்டுக்காரர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். "மெதுவா சாப்பிடுங்க டீச்சர், பஸ்ஸா போயிரப் போகுது" என்றார்.

உங்களுக்கு வலி வந்த அந்தக் காலையில் உங்கள் கடைவாயில் கிராம்பை வைத்துவிட்டது நான்தான் என்பது அவருக்குத் தெரியாது.

சாணார்பட்டிப் பக்கம் நம்முடையது ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கும் நாம் இரண்டே பேர், அதில் நான் பெயருக்குத் தலைமையாசிரியை. பன்னிரண்டு வருடம் ஒரே பஸ்ஸில் போய்வந்தும் ஒருவரையொருவர் "டீச்சர்" என்பதற்குமேல் கூப்பிட்டதில்லை. என் கையெழுத்தைப் பார்த்து, "கோழி கிளறுன மாதிரி இருக்கு டீச்சர், பிள்ளைக பாவம்" என்பீர்கள். எனக்குக் கோபம் வரும். மறுநாள் என் பாடக்குறிப்பையும் நீங்களே எழுதித் தருவீர்கள்.

அன்று ஆண்டாய்வு. பத்து மணிக்கு அதிகாரி வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒன்பதரைக்கே நீங்கள் தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். "கடவாப்பல்லுதான் போல. தோள்பட்டை வரைக்கும் இழுக்குது டீச்சர்" என்றீர்கள். சத்துணவுக் கூடத்திலிருந்து கிராம்பு வாங்கி வந்து கடைவாயில் வைத்துவிட்டேன். பதினொரு மணிக்கு உங்கள் ஜாக்கெட் முதுகெல்லாம் நனைந்திருந்தது. "வீட்டுக்குப் போகவா?" என்று கேட்டீர்கள்.

அவசரத்துக்கு உதவும் என்று நாம் இருவரும் தேதி போடாத லீவு லெட்டர் ஒன்றை எழுதி என் மேசையில் வைத்திருப்போமே, உங்களுடையது அங்கேதான் இருந்தது. தேதி ஒன்றைப் போட்டால் வேலை முடிந்தது. நான் போடவில்லை. ஐந்து வகுப்பையும் தனியாக வைத்துக்கொண்டு அதிகாரி முன்னால் நிற்க எனக்குப் பயம். என் பிள்ளைகள் வாசிக்கத் திணறுவார்கள், உங்கள் பிள்ளைகள்தான் மானத்தைக் காப்பாற்றுவார்கள் என்ற கணக்கும் மனதில் ஓடியது.

"செத்த நேரம் பொறுத்துக்கங்க டீச்சர், இந்தா வந்துருவாரு" என்றேன். அவர் வந்தது இரண்டு மணிக்கு. நீங்கள் பாடம் நடத்தினீர்கள், பிள்ளைகளைப் பாட வைத்தீர்கள். அவர் நன்று என்று எழுதிவிட்டுப் போனார். ஜீப் கிளம்பிய சத்தம் அடங்குவதற்குள் கரும்பலகைக்குக் கீழே உட்கார்ந்துவிட்டீர்கள். அப்போது மணி மூன்று.

ஆட்டோவில் திண்டுக்கல், அங்கே ஈசிஜி, அங்கிருந்து ஆம்புலன்ஸில் மதுரை. மாரடைப்பு என்றார்கள். மருத்துவர் இளவயதுக்காரர். "வலி எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டார். பக்கத்தில் உங்கள் வீட்டுக்காரர் நின்றார். "மூணு மணிக்கு சார்" என்றேன். ஸ்ட்ரெச்சரில் ஆக்சிஜன் மாஸ்க்கால் மூக்கும் வாயும் மூடியிருந்த உங்கள் கண்கள் என் பக்கம் திரும்பின. அந்தப் பார்வையை இன்றுவரை என்னால் அர்த்தப்படுத்த முடியவில்லை.

ஒரு மணி நேரத்தில் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. நான் ஓடிப்போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தேன். டம்ளர்கள் கையில் இருக்கும்போதே மருத்துவர் மறுபடி வெளியே வந்தார்.

"பெரிய குழாய் நல்லா திறந்துருச்சு. ஆனா அதுக்குக் கீழ இருக்குற மெல்லிய குழாய்கள்ல ரத்தம் இறங்க மாட்டேங்குது. மருந்து விட்டுப் பாக்குறோம்."

"தொறந்தும் எப்படிங்க ஓடாம இருக்கும்?" என்றார் உங்கள் வீட்டுக்காரர்.

"சில பேருக்கு சீக்கிரம் வந்தாலும் இப்படி ஆகுறது உண்டு. ரொம்ப நேரம் ரத்தமில்லாம கிடந்தா கூடுதலா ஆகும். இவங்களுக்கு மூணு மணிக்குத்தானே வலி வந்துச்சு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு அது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவருக்கு உண்மை தெரிந்திருந்தால் வேறு ஏதாவது செய்திருப்பாரா, தெரியாது. தெரியாமலே போனதற்கு நான்தான் காரணம்.

நலிந்த இதயத்தோடு பதினோரு மாதம் இருந்தீர்கள். மீண்டும் பள்ளிக்கும் வந்தீர்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கு வருவதற்குள் மூன்று இடத்தில் நிற்பீர்கள், பையை நான் தூக்கிக்கொள்வேன். ஒருநாள் பஸ்ஸில் நீங்களே பேச்சை எடுத்தீர்கள்.

"அந்த மூணு மணி அப்படியே இருக்கட்டும் டீச்சர். அவருகிட்ட சொல்லிறாதீங்க. மனுசன் தாங்க மாட்டாரு, ஒங்களையும் படியேற விட மாட்டாரு. மனசு விட்டுப் பேச எனக்கு நீங்க ஒரு ஆளுதான் இருக்கீங்க."

திட்டியிருக்கலாம். நான் அழுதேன், நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். நீங்கள் போனபின் வருடாவருடம் உங்கள் வீட்டு விருந்தில் எனக்கு முதல் இலை. "வலி வந்ததும் தூக்கிட்டு ஓடியாந்தது இந்த டீச்சர்தான்" என்று அவர் எல்லோரிடமும் சொல்வார், நான் குனிந்து சாப்பிடுவேன்.

நேற்று கை கழுவும்போது உங்கள் மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எனக்கும் பிரஷர் இருக்குன்னுட்டாங்க பெரியம்மா. பயமா இருக்கு. அம்மாவுக்கு முன்கூட்டி ஒண்ணுமே தெரியலைல்ல, திடீர்னுதானே வந்துச்சு?"

நீங்கள் பஸ்ஸில் சொன்னதை மீறிவிட்டேன் டீச்சர். "இல்ல தாயி. காலையில ஒம்பதரைக்கே தாடை வலிச்சுச்சு, தோள் இழுத்துச்சு, வேர்த்துக் கொட்டுச்சு. ஒனக்கு அப்படி வந்தா ஒரு நிமிசம்கூட நிக்காத, நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிரு" என்றேன்.

அவள் குழாயை மூடினாள். பிறகு, "அப்ப ஏன் பெரியம்மா அம்மாவ ஆஸ்பத்திரிக்கு அனுப்பல?" என்று கேட்டாள்.

"ஆபீசர் வர்ற நாளு" என்றேன்.

இத்தனை வருடமாக எனக்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பெரிய நியாயமாக வைத்திருந்தேன். வாய்விட்டுச் சொன்னபோது அது அந்த மூன்று வார்த்தைதான். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.