கண் மூடப்படாத அரசர்

வேங்கைமலை நாட்டின் அருவிகள் வற்றாதிருக்க. அந்நாட்டைத் தோளில் தாங்கும் நெடுஞ்சேந்தனார் நீடு வாழ்க. கடம்பந்துறைக் கோட்டையின் அந்தப்புரத்திலிருந்து பட்டத்தரசி வீரநாரணி தம் இளவலாகிய அவருக்கு விடுக்கும் ஓலை.

உம் தமக்கையின் கணவர், கடம்பந்துறைக் கோமான், கார்த்திகையின் முதல் மழையன்று சுரத்தால் மாண்டார். இந்நாட்டு வழக்கை நீர் அறிவீர்: அரசவை ஓவியன் உடலைத் தன் கண்ணால் கண்டு, சபாமண்டபச் சுவரிலுள்ள உருவத்தின் கண்களை மூடி எழுதிய பின்னரே அரசர் இறந்தவராவார்; துக்கப்பறை ஒலிக்கும்; அரசி பூவும் மெட்டியும் களைவாள். ஓவியன் உடலைக் கண்டான்; கண்களை மூடி எழுதுவதை அமைச்சர் காளிங்கராயர் தடுத்தார். உடலை வாத்தியமின்றி நந்தவனத்தில் எரித்துவிட்டு, அரசர் விழித்துச் சிரிப்பதாகக் கோட்டை வாயிலில் புதிய உருவம் எழுதப் பணித்தார்.

கண்டதையே எழுதுவது தன் குலத்தின் நெறி என்று ஓவியன் சாத்தன் விண்ணப்பித்தான். உன் மெய் சுவரில் ஒட்டும் சுண்ணாம்பு, என் மெய் பகைவனை எல்லையில் நிறுத்தும் வேல், எது கனம் என்று நீயே தூக்கிப் பார் என அமைச்சர் நகைத்தார். அரசி தருக்க ஆசிரியர் நந்திபட்டரை நோக்கினாள். இருட்டறையில் எவரும் காணாத குடமும் குடமே என்று ஆண்டுதோறும் அவையில் நிறுவிப் பொன்னாடை பெற்றவர் அவர். அன்று மட்டும், அரசர் என்பது ஒரு பெயரே, பெயர் வழங்கும்வரை அரசரும் உளர் என்று தரையைப் பார்த்து மொழிந்தார்.

சாத்தன் எழுதினான். இதோ வாய் திறந்து பேசப்போகிறார் என்று குடிகள் வாழ்த்தினர். அருகில் சென்ற அரசி மட்டுமே கண்டாள்: விழிகளில் ஒளிப்புள்ளி இல்லை. அவன் கண்டதையே எழுதியிருந்தான்.

அமைச்சரின் தாதியர் அவளுக்கு நாள்தோறும் பூச்சூட்டுகின்றனர். திரைக்குப் பின்னுள்ள வெற்றிருக்கைக்கு அவள் தாம்பூலம் நீட்டுகிறாள். கண் கலங்கினால், அகிற்புகை என்கிறாள்.

இனி, படையுடன் வருக என்று அரசர் பெயரால் உமக்கு ஓலை வரும். வடகரைப் போரில் உம் வீரரை முன்னிறுத்திப் பலியிடுவதே அமைச்சரின் கருத்து. வராதீர். தமக்கையை மீட்கவும் வராதீர். கோட்டைக் கதவு திறக்குமுன் அவள் உயிர் போய்விடும்.

இதைக் கொணர்பவன் சாத்தன். அவனுக்கு அடைக்கலமும் உமது மண்டபத்தில் ஒரு சுவரும் அளிக்க. கண்மூடிய உருவை அவன் அங்கே எழுதட்டும். துக்கப்பறை அங்கே ஒலிக்கட்டும். இது தமக்கையின் வேண்டுகோள் அன்று, பட்டத்தரசியின் ஆணை.

அரச முத்திரை அமைச்சர் விரலில் உள்ளது. இந்த அரக்கில் பதிந்திருப்பது, அரசி இன்னும் கழற்றாத மெட்டி.