தண்ணீர் குடித்துவிட்டு ஏறலாம்

என் வாயாடிப் புவனாவுக்கு,

கடைக்குட்டி வந்துவிட்டது. போன வாரம் காலை வெயிலில், கடல் பக்கமிருந்து இறங்கி பினாங்கின் பாயான் லெப்பாஸ் ஓடுபாதையைத் தொட்டது. ஆபீஸ் ஆட்களோடு நானும் வெளியே நின்று பார்த்தேன், வழக்கம்போல வாயைப் பிளந்துகொண்டு. நீ பக்கத்தில் இருந்திருந்தால் "வாயை மூடுடி கோமதி, ஈ போயிடும்" என்றிருப்பாய். யாரும் சொல்லவில்லை. அதனால் அது வந்து நின்று இன்ஜின் அடங்கும்வரை நான் மூடவே இல்லை.

உன் மூன்றாவது வருஷத் திதிக்கு அச்சடிக்கிற நினைவு மலரில் இந்தக் கடிதத்தைப் போடப்போகிறார்கள். உன் அம்மாவின் ஏற்பாடு. உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்லவேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

நீ ஜார்ஜ் டவுன் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். சாட்சிக் கூண்டில் தமிழில் திக்கித் திணறியவர்களை மலாயிலும் ஆங்கிலத்திலும் நிமிர்ந்து பேச வைத்தவள். சின்ன வயதில் முதுகுத்தண்டில் வந்த நோய்க்குப் பிறகு வீல்சேர்தான் உன் கால். கெலுகோரில் நம் வீடுகள் அடுத்தடுத்து இருந்தன. நீ என்னைவிடச் சில மாதங்கள் மூத்தவள். அதை வைத்துக்கொண்டு "மரியாதையா அக்கான்னு கூப்பிடு" என்று வாழ்நாள் முழுக்க என்னை மிரட்டினாய். நானும் கடைசிவரை கூப்பிடவில்லை.

கடைக்குட்டி யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் கம்பெனியின் தலைமையகம் வெளிநாட்டில் இருக்கிறது. சின்ன ஊர்களுக்குப் போகிற சின்ன ஜெட் விமானங்களை அவர்கள் புதிதாக உருவாக்கினார்கள். ஒன்று இல்லை, மூன்று. மூன்றுக்கும் விமானி உட்காரும் அறை ஒன்றுதான், இறக்கை ஒன்றுதான், இன்ஜினும் ஒன்றுதான். உடம்பின் நீளம் மட்டும்தான் மாறும். எங்கள் தொழிலில் இப்படிச் சேர்த்து வடிவமைப்பதைக் குடும்பம் என்றுதான் சொல்வோம். பயணிகள் உட்காரும் பகுதியை வரையும் வேலை பினாங்கு ஆபீசுக்கு வந்தது. நான் அந்தக் குழுவில் ஒருத்தி.

முதல் படத்தை உன் வீட்டுச் சமையலறையில் வைத்து உனக்குக் காட்டியது நினைவிருக்கிறதா? கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தாய். "மூணு பிள்ளைக்கும் ஒரே மூக்கு, ஒரே தோள்பட்டை. அப்பன் யாருன்னு கோர்ட்ல கேக்கவே வேணாம் லா" என்றாய். பெரியவன், நடுவுலவன், கடைக்குட்டி என்று அப்போதே பெயரும் வைத்தாய். மறுநாள் ஆபீசில் சொன்னேன். மலாய்க்காரர்கள், சீனர்கள் உட்பட எல்லாரும் "கடகுட்டி, கடகுட்டி" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

அதற்கடுத்த தைப்பூசத்தில்தான் எனக்குக் கண் திறந்தது. வருஷாவருஷம் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் உங்கள் குடும்பம் தண்ணீர்ப் பந்தல் போடும். படி ஏற முடியாதவள் நீ. "என்னைப் பாக்கணும்னா முருகன் இறங்கி வரட்டும்" என்று சிரித்துவிட்டு, பந்தலின் முன்வரிசையில் வீல்சேரைப் போட்டுக்கொண்டு, போகிற வருகிற எல்லாருக்கும் தண்ணீர் நீட்டுவாய். "குடிங்கண்ணே, குடிச்சிட்டு ஏறுங்க. அக்கா, பிள்ளைக்கும் குடுங்க." அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. உன் உதடு காய்ந்து வெடித்திருந்தது. நான் ஒரு கிளாஸை எடுத்து உன்னிடமே நீட்டினேன்.

"வேணாம் லா. நாளைக்குக் காலையில ஃபிளைட்."

எனக்குப் புரியவில்லை. ஃபிளைட்டுக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்? நீ சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாய். "மலாய்ல தண்டாஸ், இங்கிலீஷ்ல டாய்லெட், தமிழ்ல கழிவறை. மூணு மொழியிலயும் கதவு எனக்குச் சின்னதுடி."

அப்புறம்தான் கூச்சிங் கதையைச் சொன்னாய். அங்கே இருக்கிற தம்பி வீட்டுக்கு அம்மாவோடு பறந்தபோது வழியில் கழிவறைக்குப் போகவேண்டி வந்துவிட்டது. விமானத்துக்குள் உருட்டுகிற ஒடுக்கமான நாற்காலியில் உன்னைக் கொண்டுபோனார்கள். நாற்காலி பாதிதான் உள்ளே நுழைந்தது. கதவைச் சாத்த முடியவில்லை. உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அம்மா ஒரு போர்வையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து நின்றார். அந்த நாளிலிருந்து பறப்பதற்கு முதல் நாள் மத்தியானமே தண்ணீரை நிறுத்திவிடுவாய். கோலாலம்பூருக்குக் கோர்ட் வேலையாகப் போனாலும் அப்படித்தான். இதைச் சொல்லிமுடித்துவிட்டு அடுத்த ஆளுக்குக் கிளாஸை நீட்டினாய்.

விமானத்தைப் பார்த்தால் வாயைப் பிளக்கிற எனக்கு, அது உன்னை ஒரு நாள் முழுக்கத் தாகத்தில் போடுகிறது என்று தெரியவே தெரியாது. உன் பக்கத்து வீட்டிலேயே இருந்துகொண்டு. அழுதுவிட்டேன். "பந்தல்ல வந்து அழுவாத, சனம் பாக்குது" என்று அதட்டினாய்.

உனக்கு நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வாரம்தான் என்னைத் தலைமையகத்துக்கு அனுப்பினார்கள். இறக்கையை வளைத்துப் பார்க்கும் சோதனை. ஒரு முழு விமானத்தை இரும்புச் சட்டத்தில் பிடித்துவைத்து, எந்தப் புயலிலும் வராத பாரத்தை இறக்கையில் ஏற்றுகிறார்கள். நுனி எழும்புகிறது, எழும்பிக்கொண்டே போகிறது. ஒரு ஆள் உயரத்தையும் தாண்டிவிட்டது. அந்தக் கொட்டகை முழுக்க ஒரு முனகல். என் பக்கத்தில் நின்றவர் கையிலிருந்த பிஸ்கட்டைக் கடிக்க மறந்துவிட்டார். பிறகு பாரத்தை இறக்கினார்கள், இறக்கை ஒன்றும் நடக்காத மாதிரி பழைய இடத்துக்கு வந்து நின்றது. மனிதர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டுச் செய்த பொருள் அது. கடவுளே என்று கையெடுத்துக் கும்பிட்டேன், புவனா. இவ்வளவு தெரிந்தவர்களுக்கு ஒரு கதவைச் செய்யத் தெரியாதா என்றும் அதே நிமிஷத்தில் தோன்றியது.

திரும்பி வந்து உன்னிடம் சொல்ல நினைத்தேன். நான் வந்து இறங்குவதற்குள் நீ போய்விட்டாய். சிறுநீரகம் என்றார்கள். எதனால் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டுமா?

அடுத்த மாதமே கடைக்குட்டிக்குச் சிக்கல் வந்தது. வீல்சேர் நுழைகிற மாதிரி ஒரு கழிவறையை மூன்றுக்கும் வரைந்திருந்தோம். நீளமான இரண்டு பேருக்கும் இடம் இருந்தது. கடைக்குட்டி குட்டை உடம்புக்காரன். அவனிடம் மட்டும் கழிவறையைச் சுருக்கி ஒரு வரிசை சீட்டைக் கூட்டச் சொன்னது தலைமையகம். "அது கிட்டக் கிட்ட ஊருக்குத்தானே போகும், பயணிகள் சமாளித்துக்கொள்வார்கள்" என்று கூட்டத்தில் திரையில் தெரிந்த ஒருவர் சொன்னார். நான் உன் கதையைச் சொன்னேன். போர்வை வரைக்கும் சொன்னேன். எல்லாரும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார்கள். ரொம்ப வருத்தம் என்றார்கள். பிறகு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. நேரே உன் வீட்டுக்குப் போனேன். அம்மா சாப்பிடச் சொன்னார். மேசையில் உட்கார்ந்து தட்டில் கையை வைத்தபோதுதான் முழங்கை வழக்கம்போல மேலே தூக்கி நின்றது. உன் வீட்டு மேசை உயரம். அது உயர்ந்தபோது நமக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும். வீல்சேர் மேசைக்கடியில் போகாததால் அம்மா உனக்குத் தனியாக மடியில் தட்டு வைத்துக் கொடுப்பார். ஒருநாள் நீ தட்டைத் தள்ளிவிட்டு, "எனக்கு மட்டும் ஏன் தனியா?" என்று கத்தினாய். உன் அப்பா வெளியே போய்ச் செங்கல் எடுத்துவந்து மேசைக் கால் நாலுக்கும் முட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாரும் தோளைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டுதான் சாப்பிட்டோம். யாருக்கும் அது பெரிய கஷ்டமாக இல்லை. எனக்கு அதுவே பழகிப்போய், என் வீட்டு மேசைதான் பள்ளமாகத் தெரிந்தது.

சோற்றுக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். நாங்கள் கடைக்குட்டிக்கு மட்டும் என்ன செய்யலாம் என்றே யோசித்துக்கொண்டிருந்தோம். உன் அப்பா உன்னை ஒன்றும் செய்யவில்லை. மேசையை அல்லவா மாற்றினார்!

மறுநாள் ஃபைசாலைப் பிடித்தேன். விமானத்தின் எடைக்குக் காவல்காரர் அவர். ஒரு திருகாணி கூடினாலும் ஏன் என்று கேட்பவர். மேசைக் கதையைச் சொன்னேன். தாடையைத் தடவிக்கொண்டே மலாயில் சொன்னார், நீ இருந்தால் இன்னும் அழகாக மொழிபெயர்த்திருப்பாய்: "அப்ப கழிவறையைப் பெருசாக்க வேணாம். பக்கத்துல இருக்கிறவங்க கொஞ்சம் ஒதுங்கட்டும்."

பக்கத்தில் இருந்தது சாப்பாட்டு வண்டிகள் நிற்கிற இடம். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரைக் கதவு மாதிரித் திறக்க வைத்தோம். தேவைப்படும்போது பணிப்பெண் வண்டியைத் தள்ளிவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்று சுவரை விரித்தால் போதும், கழிவறை அகலமாகிவிடும், வீல்சேர் உள்ளே போகும், அதன் பிறகு வெளிக்கதவைச் சாத்தலாம். தலைமையகம் கேட்ட சீட்டு வரிசையும் குறையாது. மூன்று விமானத்துக்கும் ஒரே சுவர், ஒரே கீல், ஒரே பூட்டு. கடைக்குட்டிக்கு மட்டும் தனியாக ஒன்றைச் செய்து, தனியாகச் சோதித்து, தனியாக உதிரிப்பாகம் வைப்பதைவிட அதுதான் மலிவு என்று ஃபைசால் கணக்குக் காட்டினார். இந்தத் தடவை யாரும் சோகமாக முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். எனக்கு அதுதான் சந்தோஷம்.

பாயான் லெப்பாஸில் ஒரு கொட்டகையில் பலகையால் அதே அளவுக்குச் செய்துவைத்துப் பார்த்தோம். நான் ஒடுக்கமான நாற்காலியில் உட்காருவேன், ஃபைசால் தள்ளுவார். முட்டி இடித்துக் கன்றிப்போகும். ஒரு விரல் அகலம் சுவரை நகர்த்துவோம். இந்த விரல் அகலம் இருக்கிறதே, அதை நான் இன்னும் நம்பமுடியாமல் நினைத்துப் பார்க்கிறேன். சுவர் நகர்ந்தால் குழாய் நகர்கிறது, ஒயர் நகர்கிறது, தரைக்கடியில் இருக்கிற சட்டம் நகர்கிறது, வால் பக்கத்து எடை மாறுகிறது. நான் முகம் பார்க்காத எத்தனையோ பேர், ஏதேதோ நாட்டில், தங்கள் படத்தைத் திறந்து ஒரு கோட்டை அழித்து ஒரு கோட்டைப் போட்டார்கள். உன் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. ஒரு விமானமே உனக்காக உள்ளுக்குள் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டது, புவனா. நீ பார்த்திருக்கவேண்டும்.

போன வாரம் கடைக்குட்டி வந்தபோது, ஆபீஸ் ஆட்கள் வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிவரலாம் என்றார்கள். நான் உன் அம்மாவைக் கூட்டிப்போனேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறினார். சீட்டைத் தடவிப் பார்த்தார். சன்னலை எட்டிப் பார்த்தார். பின்பக்கம் வந்ததும் நின்றுவிட்டார்.

"இதானாடி?"

"இதாம்மா."

"உள்ளேருந்து பூட்டுமா?"

அவர் கேட்டது அந்த ஒரே கேள்விதான். பூட்டிக் காட்டத்தான் ஒடுக்கமான நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். ஃபைசால் சுவரை விரித்து என்னைத் தள்ளிவிட்டார். உள்ளே திரும்பினேன். முட்டி இடிக்கவில்லை. கதவைச் சாத்திப் பூட்டைத் தள்ளினேன். 'டக்' என்று விழுந்தது. வெளியே கேட்ட சத்தம் நின்றுபோனது. நான் மட்டும், ஒரு கண்ணாடி, ஒரு குழாய். உன் மாதிரி ஒருத்தி ஆகாயத்தில் தனியாக இருக்கப்போகிற இடம் அது. எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

கதவைத் திறந்தபோது அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். இரண்டு கையும் பாதி தூக்கியபடி, விரல் மடங்கி, எதையோ பிடித்த மாதிரி இருந்தது. கையில் ஒன்றும் இல்லை.

"அம்மா, பூட்டிருச்சி. கையை இறக்குங்க."

திரும்பிப் பார்த்தார். தன் கையையே பார்த்தார். "தானா தூக்கிருச்சிடி" என்றார். பிறகு இறக்கினார். அங்கேயே என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். ஃபைசால் சாப்பாட்டு வண்டிப் பக்கம் ஒதுங்கி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கடைக்குட்டி கூச்சிங்குக்குப் பறக்கும் நாள் ஒன்று வரும். அன்று நானும் அம்மாவும் உன் தம்பி வீட்டுக்குப் போவோம். நீ கேட்டுக் கேட்டு நான் கொடுக்காத ஒன்றை இப்போது கொடுத்துவிட்டு, ஒரு வாக்கும் தருகிறேன். அக்கா, ஏறுவதற்கு முன்னால் ஒரு போத்தல் தண்ணீரை நின்ற இடத்தில் முழுசாகக் குடிப்பேன், உன் பங்குக்கு இன்னொன்றையும் குடிப்பேன். குடித்துவிட்டுத்தான் ஏறுவேன்.

வாயை மூடத் தெரியாத உன் தங்கை,
கோமதி