தொண்ணூற்றொன்பது பேர்

1984 பிப்ரவரி 6, திங்கள்

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இருபத்துநான்கு ஆண்டுகள் இருந்த பிறகு குலுக்கலில் என் பெயர் வந்திருக்கிறது. சொந்த மசோதா கொண்டுவரலாம். வாடகை அறைகளின் எரிவாயு ஹீட்டரை வீட்டுக்காரர் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். என் தொகுதியின் திருமதி ஹெஸ்கெத் கேட்டது. அவர் மகன் அப்படியொரு ஹீட்டரின் விஷவாயுவால் தூக்கத்திலேயே இறந்தான்.

17ஆம் தேதி வெள்ளி விவாதம். அன்று வழக்கம்போல் ஊருக்குப் போகாமல் சபையில் இருப்பதாக எண்பத்தெட்டு உறுப்பினர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 14

கட்சித் தோழர் இட்ரிஸ் பியூ சொன்னார்: "இந்த மசோதா பிடிக்காத பிரௌஸ், சபை முடியற ரெண்டரை வரைக்கும் பேசியே அதைக் கொன்னுடுவான். அவன் பேசிட்டிருக்கும்போதே நீ எழுந்து, பேச்சு போதும், ஓட்டெடுங்கன்னு கேக்கணும். 'மன்னிக்கணும்'னு ஆரம்பிச்சியோ, ரெண்டரை ஆயிடும்யா!"

நான் யார் பேச்சிலும் குறுக்கிட்டதில்லை. தவிர, விவாதத்தை முடிக்க வெறும் பெரும்பான்மை போதாது. ஆதரவாக நூறு பேராவது வேண்டும்.

பிப்ரவரி 16

நூற்றொன்று, என்னையும் சேர்த்து. மூன்று முறை எண்ணினேன்.

பிப்ரவரி 17, வெள்ளி

சர் லயனல் பிரௌஸ் பன்னிரண்டே முக்காலுக்கு எழுந்தார். ரோமானியர்களின் வெந்நீர்க் குளியலிலிருந்து தொடங்கினார். இரண்டடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் எழுந்தேன். குரல் கீச்சென்றுதான் வந்தது. ஆனால் வந்தது.

ஓட்டெடுப்புக்குச் சபாநாயகர் சம்மதித்தார். ஆதரவாளர்கள் ஒரு வாசல் வழியாகவும் எதிர்ப்பவர்கள் இன்னொன்றின் வழியாகவும் நடந்துபோவதுதான் இங்கே ஓட்டு; ஆதரவுப் பக்க வாசலில் தலை எண்ணும் வேலையை நானே கேட்டு வாங்கினேன், துணைக்கு இட்ரிஸ். வருவதாகச் சொன்னவர்களில் ஒருவர்கூடத் தவறவில்லை. எதிராகப் பதினொருவர். ஆதரவாகத் தொண்ணூற்றொன்பது.

எண்ணுகிற இருவரின் வாக்கு சேராது. இது எனக்குத் தெரியாதா? புதிதாக வந்தவனா நான்? ஐயோ, மூணு தடவை எண்ணினேனே—

பிரௌஸ் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். இரண்டரை அடித்தது.

பார்வையாளர் மாடத்திலிருந்து இறங்கிவந்த திருமதி ஹெஸ்கெத் கேட்டார்: "தொண்ணூத்தொம்பது பெருசா, பதினொண்ணு பெருசா?"

பிப்ரவரி 18

எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 24, வெள்ளி

இனி வெள்ளிதோறும் இரண்டரைக்கு மசோதாவின் தலைப்பை மட்டும் வாசிப்பார்கள். யாரும் மறுக்காவிட்டால் அடுத்த கட்டம். ஒரே ஒருவர் "எதிர்க்கிறேன்" என்றாலும் அந்த வாரம் போயிற்று. இன்று பிரௌஸ் அந்த ஒரு சொல்லைச் சொன்னார்.

அடுத்த தலைப்பு பந்தயப் புறாக்கள். பிரௌஸின் சொந்த மசோதா.

"எதிர்க்கிறேன்." என் வாயிலிருந்துதான் வந்ததா?

மார்ச் 2

அவர் சொன்னார். நானும் சொன்னேன்.

மார்ச் 9

அதே. புறா வளர்ப்பவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. நான் செய்வது முறைதானா?

மார்ச் 14

தேநீர் அறையில் பிரௌஸ் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"புறா உங்களுக்கு என்னங்க பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணலை, சர் லயனல். நல்ல மசோதா."

"அப்புறம் என்ன?"

நான் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தேன். சர்க்கரை போடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

"உங்களை சாதுன்னு நெனச்சேன்" என்று எழுந்து போனார்.

மார்ச் 16, வெள்ளி

என் மசோதாவின் தலைப்பை வாசித்தார்கள். பிரௌஸ் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த கட்டத்துக்குப் போயிற்று. பிறகு புறாக்கள். நானும் வாய் திறக்கவில்லை.

திருமதி ஹெஸ்கெத்துக்குத் தொலைபேசினேன்.

"இந்தத் தடவை எத்தனை ஓட்டுங்க?"

"ஒண்ணுகூட இல்லைம்மா" என்றேன். "தேவைப்படலை."