சாந்தா ஓடிய ஆயிரத்தைந்நூறு மீட்டர்

ஜெயங்கொண்டம்
12-6-1983

அன்புள்ள அண்ணனுக்கு,

சாந்தா எழுதுகிறேன். பிலாயில் நீங்களும் அண்ணியும் ஜெயாவும் சௌக்கியம்தானே? பங்குனியில் போட்ட கடிதத்துக்கே இன்னும் பதில் இல்லை. போகட்டும், இரும்பாலையில் உங்களுக்கும் ஓய்வு ஏது.

இங்கே மழை இல்லை. முந்திரியும் சுமார்தான். தினமும் நாலு ஊர் நடந்து பிள்ளைகளுக்கு ஊசி போட்டுவிட்டு வீடு வந்தால், கால் என் கால் மாதிரியே இருப்பதில்லை.

ஒரு விஷயம், கோபப்படாமல் படியுங்கள். நாற்பது வயது தாண்டியவர்களுக்குத் திருச்சியில் ஓட்டப்பந்தயம் வைக்கிறார்கள். பெயர் கொடுத்துவிட்டேன். பள்ளியில் ஓடியது இருநூறு கெஜம். நாற்பத்து நாலு வயதில் அந்த வேகம் வராது என்பதால் ஆயிரத்தைந்நூறு மீட்டர்.

ஐம்பத்தைந்தாம் வருடம் திருச்சியில் இரண்டாவதாக வந்தும் மெட்ராஸ் போட்டிக்கு என்னைக் கூப்பிடவில்லை. இரண்டு மாதம் தபால்காரர் வரும் வழியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் ஓட்டம் போதாது என்று அன்றைக்கு விட்டவள்தான். உண்மையிலேயே போதாததுதானா என்று இப்போதாவது தெரிந்துகொள்ளப் பார்க்கிறேன்.

அன்புத் தங்கை,
சாந்தா


பிலாய்
3-7-1983

அன்புள்ள சாந்தாவுக்கு,

அண்ணன் வைத்திலிங்கம். எல்லோரும் நலம்.

உனக்கு என்ன வந்தது? பேரன் எடுக்கிற வயதில் ஓட்டமா? முடிந்துபோனதை எதற்குக் கிளறுகிறாய்? ஜெயாவுக்கு உடையார்பாளையம் பக்கம் வரன் பார்க்கிறோம். "பொண்ணோட அத்தை ரோட்டுல ஓடுதாமே" என்று அவர்கள் கேட்டால் நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? கல்யாணம் முடியும்வரையாவது நிறுத்தி வை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

வைத்திலிங்கம்


ஜெயங்கொண்டம்
20-9-1983

அன்புள்ள அண்ணனுக்கு,

திருச்சிக்குப் போய்வந்தேன். எட்டுப் பேரில் எட்டாவது. முடித்ததும் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன். சிலர் கை தட்டினார்கள், பாவம் பார்த்துத் தட்டியது.

அடுத்த நாள் விடிந்ததும் மீன்சுருட்டி ரோட்டில் மறுபடி ஓடினேன். முந்திரித் தோப்பில் வேலை செய்யும் ராசாத்தி பார்த்துவிட்டு, "ஏன் நர்சம்மா, பஸ்ஸ வுட்டுட்டீங்களா?" என்றாள். "ஆமா ராசாத்தி" என்றேன். வேறென்ன சொல்ல?

ஜெயாவுக்கு இடம் அமைந்துவிட்டதாக அண்ணி எழுதியிருந்தார். மகிழ்ச்சி. நீங்கள் சொன்னபடி, தையில் கல்யாணம் முடியும்வரை இனி ஓடமாட்டேன்.

அன்புடன்,
சாந்தா


ஜெயங்கொண்டம்
10-11-1984

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜெயா கல்யாணத்தில் என்னிடம் இரண்டு வார்த்தைகூட நீங்கள் பேசவில்லை. வேலை மும்முரம் என்று எடுத்துக்கொண்டேன்.

நாலு மாதம் விட்டதில் முழங்கால் வீங்கிப்போனது. வெந்நீர் ஒத்தடமும் எண்ணெயுமாகவே சித்திரை போயிற்று. இந்த வருடம் திருச்சியில் ஐந்தாவது. இவர் கைக்கடிகாரத்தோடு ரோட்டோரம் நின்று நேரம் பார்க்கிறார். நேற்று, "போதும்னா விட்டுரு சாந்தா, யாரு கேக்கப் போறா?" என்றார். விட்டுவிடலாம் என்று எனக்கும் தினம் தோன்றுகிறது. தோன்றிக்கொண்டிருக்கும்போதே ஓட்டமும் முடிந்துவிடுகிறது.

நீங்கள் பதில் போடாவிட்டாலும் எழுதிக்கொண்டிருப்பேன்.

சாந்தா


ஜெயங்கொண்டம்
28-10-1985

அன்புள்ள அண்ணனுக்கு,

மெட்ராஸில் மாநிலப் போட்டி. முதலாவதாக வந்தேன்.

எழுதிவிட்டு நானே இரண்டு தரம் படித்துப் பார்த்தேன். மூன்றாவது சுற்று வரை நாலாவதாகத்தான் இருந்தேன். முன்னால் ஓடிய மதுரைக்காரம்மாவின் தோள் தளர ஆரம்பித்தது தெரிந்தது. எனக்கும் மூச்சு இல்லை. ஆனால் மூச்சில்லாமல் நடந்து பழகியவள் நான். கடைசி வளைவில் அவரைத் தாண்டினேன்.

பெரிய சந்தோஷம் வரும் என்று இருந்தேன். தூக்கம்தான் வந்தது. புல்லில் அப்படியே படுத்துவிட்டேன். விருத்தாசலத்திலிருந்து மகள் வந்திருந்தாள். என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "ஒனக்கு இதெல்லாம் எங்கேருந்தும்மா வந்துச்சு?" என்று கேட்டாள்.

பேப்பரில் ஒரு வரி வந்திருக்கிறது. கத்தரித்து வைத்திருக்கிறேன்.

உங்கள் தங்கை,
சாந்தா


பிலாய்
10-11-1985

சாந்தாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணி அழுதுவிட்டாள்.

எனக்கு ரத்த அழுத்தம் என்று டாக்டர் ஓய்வில் இருக்கச் சொல்லியிருக்கிறார். படுத்துக்கிடந்தால் பழசெல்லாம் வருகிறது. ஐம்பத்தைந்தில் உன்னை மெட்ராஸுக்குக் கூப்பிட்டார்கள். உங்கள் பள்ளி வீரம்மாள் டீச்சர் எழுதிய கடிதம் என் கையில்தான் கிடைத்தது. அப்பா போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை. உனக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். "தங்கை வர இயலாது" என்று நானே பதில் போட்டேன். நீ வாசலில் நின்று தபாலுக்குக் காத்திருந்ததைப் பார்த்துக்கொண்டும் சும்மா இருந்தேன்.

உன் கடிதங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் இதுதான் முன்னால் வந்து நிற்கும். அதனால்தான் எழுதவில்லை.

பொங்கலுக்கு வரட்டுமா?

வைத்திலிங்கம்


ஜெயங்கொண்டம்
2-12-1985

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அப்பா இல்லாத வீட்டில் பத்தொன்பது வயதில் உங்களுக்கு எவ்வளவு பயம் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் என்னை அனுப்பாததைக்கூடப் பொறுத்துக்கொள்ள முடிகிறது. முப்பது வருடம் சொல்லாமல் இருந்ததை முடியவில்லை. என் மகள் எட்டாம் வகுப்பில் ஓட்டத்தில் சேரப்போகிறேன் என்று வந்து நின்றாள். "நம்ம வூட்டுக்கு அது வராதுடி. நானே ஓடிப் பாத்துட்டு வந்தவதான்" என்று சொல்லி உட்காரவைத்தேன். அவளும் நம்பி உட்கார்ந்துவிட்டாள்.

பொங்கலுக்கு வர வேண்டாம். காரணத்தை அண்ணியிடம் நீங்களே சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை விருத்தாசலம் போகிறேன். முதலில் மகளிடம் பேச வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அதற்கப்புறம் உங்களுக்கு எழுத முடிந்தால் எழுதுகிறேன்.

மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடுங்கள்.

சாந்தா